சட்டம் லண்டனில், வாசல் எந்தத் தெருவில்?

2024 ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை இரவு. இங்கிலாந்தின் வடகிழக்கில் கடலோரம் இருக்கும் சண்டர்லாந்து நகரில் ஒரு கும்பல் காவல் அலுவலகத்தைத் தாக்கியது. அதை ஒட்டியிருந்த அலுவலகத்துக்கும் தீ வைத்தது. அது 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' என்ற தொண்டு அமைப்பின் ஆலோசனை மையம். வாடகை பாக்கி, கடன் தொல்லை, நின்றுபோன உதவித்தொகை, சம்பளம் தராத முதலாளி என எந்தச் சிக்கலானாலும் காசு கொடுக்காமல் போய் உட்கார்ந்து வழி கேட்கக்கூடிய இடம். சண்டர்லாந்து ஒன்றும் பணக்கார ஊர் அல்ல. தீ வைத்தவர்களின் வீட்டிலிருந்தே யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வந்திருப்பார்கள்.

அதற்கு நான்கு நாள் முன்பு சவுத்போர்ட் நகரில் நடந்த கத்திக்குத்துக்கு மூன்று சிறுமிகள் பலியாகியிருந்தனர். கொலையாளி படகில் வந்த முஸ்லிம் அகதி என்று ஒரு பொய் பரவியது. அவன் கார்டிஃப் நகரில் பிறந்தவன் என்று தெரிந்த பிறகும் கலவரம் அடங்கவில்லை. பள்ளிவாசல்களும் அகதிகள் தங்கியிருந்த விடுதிகளும் தாக்கப்பட்டன. அடுத்து எங்கே என்று ஒரு பட்டியலும் கைப்பேசிகளில் சுற்றியது. அதில் இருந்தவை பெரும்பாலும் குடியேற்ற வழக்கறிஞர்களின் அலுவலகங்களும் ஆலோசனை மையங்களும்தான். ஆகஸ்ட் 7 அன்று லண்டனின் வால்தம்ஸ்டோவிலும் வேறு பல ஊர்களிலும் அவற்றைக் காக்க ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்து நின்றார்கள். தாக்க வருவதாகச் சொன்னவர்கள் பல இடங்களில் தலைகாட்டவே இல்லை.

திரண்டு நின்ற மக்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. பட்டியலைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு. கடைக்கு மேலே ஒரு மாடி, இரண்டு மேசை, ஒரு நகலெடுக்கும் இயந்திரம், கையில் கடித உறையோடு காத்திருக்கும் நாலைந்து பேர் என்ற அளவில்தான் இத்தகைய அலுவலகங்கள் பல இருக்கும். சிறுபான்மை இனத்தவருக்கு அந்த நாட்டில் உரிமை கைக்கு எட்டும் இடம் அதுதான் என்று கலவரக்காரர்கள் சரியாகவே கணித்திருந்தார்கள். அந்தக் கணிப்பு பிரிட்டனை மாறி மாறி ஆண்ட அரசுகளுக்கு இருந்திருந்தால், அவை இத்தனை மையங்களைப் பட்டினி போட்டிருக்க மாட்டா.

காகிதத்தில் பார்த்தால் பிரிட்டனின் இனச் சமத்துவச் சட்டம் வலுவானது. அது ஒரே நாளில் வந்ததும் அல்ல. கிரிக்கெட் ரசிகர்களுக்கு லியரி கான்ஸ்டன்டைன் என்ற பெயர் தெரிந்திருக்கும். மேற்கிந்தியத் தீவுகளின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவர் பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சகத்தில் நல அலுவலராக இருந்தார்; தொழிற்சாலைகளுக்கு வந்த மேற்கிந்தியத் தொழிலாளிகளின் தங்குமிடம், வேலை, தகராறு எல்லாவற்றையும் கவனிப்பது அவர் பொறுப்பு. 1943இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆட வந்தவருக்கு, லண்டனின் இம்பீரியல் ஹோட்டல் பதிவு செய்த அறையைத் தர மறுத்தது. அவர் வழக்குப் போட்டார். நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமே அன்று கிடையாது. வழிப்போக்கனுக்கு இடம் தருவது விடுதிக்காரனின் கடமை என்ற பழைய விதியைப் பிடித்துத்தான் வென்றார். 1944இல் கிடைத்த இழப்பீடு ஐந்து கினி, அதாவது ஐந்து பவுண்டுக்குச் சற்று மேல்.

சட்டம் வருவதற்கு ஒரு பேருந்து நிறுவனம் காரணமாயிற்று. பிரிஸ்டல் நகரில் ஓடிய பேருந்துகளில் கறுப்பரையும் ஆசியரையும் நடத்துநராகவோ ஓட்டுநராகவோ வைத்துக்கொள்வதில்லை என்பது நிறுவனத்தின் கொள்கை. உள்ளூர்த் தொழிற்சங்கமும் அதற்கு உடந்தை. 1963இல் பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞர் ஒரு சோதனை செய்தார். கை பெய்லி என்ற மாணவருக்கு நேர்காணல் கேட்டு வாங்கினார். பிறகு, வரப்போகிறவர் மேற்கிந்தியர் என்று தகவல் சொன்னார். நேர்காணல் ரத்தானது. நகரமே பேருந்தைப் புறக்கணித்தது. அப்போது டிரினிடாட் தூதராக லண்டனில் இருந்த அதே கான்ஸ்டன்டைன் போராட்டத்துக்குத் துணை நின்றார். ஆகஸ்ட் 28 அன்று நிறுவனம் பணிந்தது. அடுத்த மாதம் வேலைக்கு எடுக்கப்பட்ட, வெள்ளையரல்லாத முதல் நடத்துநர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர்.

1965இல் முதல் இன உறவுச் சட்டம் வந்தது. விடுதி, உணவகம் போன்ற பொது இடங்களோடு அது நின்றுவிட்டது. வேலையும் வீடும் 1968 சட்டத்தில்தான் சேர்ந்தன. 1976 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பார்வைக்கு எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும் விதி ஓர் இனத்தவரை மட்டும் வெளியே தள்ளுமானால் அதுவும் பாகுபாடே என்றது. பாதிக்கப்பட்டவர் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றும் வழி திறந்தது.

இந்தச் சட்டங்களோடு உள்ளூர் ஏற்பாடு ஒன்றும் வளர்ந்தது. நகரத்துக்கு நகரம் சமூக உறவு மன்றங்கள் அமைந்தன. பின்னாளில் அவை இனச் சமத்துவ மன்றங்கள் என்று பெயர் மாறின. பாதிப் பணம் மைய ஆணையத்திடமிருந்து, மீதி நகராட்சியிடமிருந்து என்ற மாதிரியில் அவை நடந்தன. நகராட்சிகள் எல்லாம் நல்ல மனதோடு கொடுத்தன என்று நினைத்துவிட வேண்டாம். 1972இல் இடி அமீன் விரட்டிய ஆசியர்களுக்கு, எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று உகாண்டா பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்தது லெஸ்டர் நகராட்சி. ஆசியரின் உழைப்பால் எழுந்த நகரம் என்று இன்று பெருமை பேசுவதும் அதே லெஸ்டர்தான்!

அந்த மன்றங்களில் என்ன நடந்தது என்பதை ஒரு படிவத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஆர்.ஆர்.65 என்று அதற்குப் பெயர். பதவி உயர்வு கிடைக்காத ஒரு தொழிலாளி, தன் நிறமே காரணம் என்று சந்தேகப்படுகிறார். கையில் ஆதாரம் எதுவும் இல்லை. ஆதாரமெல்லாம் முதலாளியின் அலமாரியில் இருக்கிறது. மன்றத்து ஊழியர் அவரை உட்காரவைத்து அந்தப் படிவத்தை நிரப்புவார். மொத்தம் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், அவர்கள் எந்தெந்த இனத்தவர், தேர்வானவருக்கு என்ன தகுதி, தேர்வுக் குழுவில் யார் யார் இருந்தார்கள், மதிப்பெண் எப்படிப் போடப்பட்டது என்று கேள்விகள் முதலாளிக்குப் போகும். பதில் வராமல் இருந்தாலோ மழுப்பலாக வந்தாலோ, அதையே பாகுபாட்டின் அறிகுறியாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு சாதாரண ஆள், ஒரு பெரிய நிறுவனத்தை எழுத்தில் பதில் சொல்ல வைக்கும் கருவி அது. என்ன கேட்பது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அந்தக் கருவி வெட்டும்.

இந்தக் கேள்விமுறையை 2014 ஏப்ரலில் அரசு நீக்கிவிட்டது. தொழில் நிறுவனங்களுக்கு அது சுமையாக இருக்கிறதாம்.

அது தனியாக வந்த அடி அல்ல. 2007இல், அந்த மன்றங்களுக்குப் பணம் தந்த இனச் சமத்துவ ஆணையத்தைக் கலைத்து, பெண்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட எல்லாப் பிரிவினருக்கும் ஒரே சமத்துவ, மனித உரிமை ஆணையம் அமைத்தார்கள். யோசனை தவறில்லை. ஆனால் தொடக்கத்தில் ஆண்டுக்கு 7 கோடி பவுண்டாக இருந்த அதன் நிதி, சுமார் பத்தாண்டில் 2 கோடிக்கும் கீழே இறங்கியது. உள்ளூர் ஆலோசனைக்கு அது கொடுத்துவந்த மானியம் 2012இல் நின்றது. அதே ஆண்டு அதன் தொலைபேசி உதவிச் சேவையும் கைவிட்டுப் போய், வெளி ஒப்பந்தமானது. 2016இல் அந்த ஒப்பந்தம் யாரிடம் போனது தெரியுமா? ஜி4எஸ் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனத்திடம். நாடு கடத்தப்படக் காத்திருக்கும் வெளிநாட்டவரைப் பூட்டிவைக்கும் புரூக் ஹவுஸ் முகாமை அப்போது நடத்திக்கொண்டிருந்ததும் அதே நிறுவனம். மறு ஆண்டு அந்த முகாமில் காவலர்கள் கைதிகளைத் துன்புறுத்துவதை பிபிசி ரகசியமாகப் படம் பிடித்து ஒளிபரப்பியது. பாகுபாட்டுக்கு ஆளானவர் முறையிட வேண்டிய எண்ணை எடுத்துப் பேசுவது அந்த நிறுவனம் என்றால், முறையிட யாருக்கு மனம் வரும்?

2013இல் சட்ட உதவித் திட்டத்திலும் கத்தி வைத்தார்கள். அகதி வழக்குகள் தப்பின. மற்ற குடியேற்ற வழக்குகளில் பெரும்பாலானவை திட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டன. பாகுபாட்டு வழக்குகள் பட்டியலில் நீடித்தாலும், உதவி வேண்டுவோர் பெரும்பாலும் முதலில் தொலைபேசியில்தான் பேசித் தகுதி பெற வேண்டும் என்று விதி வந்தது. ஆங்கிலம் தடுமாறுகிற, மனம் நொந்துபோன ஒருவர், முகம் தெரியாத ஆளிடம், கையிலிருக்கும் காகிதத்தைக் காட்டவும் முடியாமல், தனக்கு நடந்த அவமானத்தை விளக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர் வாழ்நாளில் ஒரு முறையாவது அந்நிய மொழியில் தொலைபேசியில் புகார் சொல்லிப் பார்த்திருக்க மாட்டார். 2020இல்தான் அதை எடுத்தார்கள்.

அதே 2013இல் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகக் கட்டணமும் விதித்தார்கள். பாகுபாட்டு வழக்கை விசாரணை வரை கொண்டுபோக 1,200 பவுண்டு. வேலை இழந்து நிற்பவரிடம் அவ்வளவு பணம் எங்கே இருக்கும்? வழக்குகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. யூனிசன் தொழிற்சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போராடி, 2017 ஜூலையில் அந்தக் கட்டணம் சட்டவிரோதம் என்று தீர்ப்பு வாங்கியது. நான்கு ஆண்டுகளில் வழக்கே போடாமல் வாயை மூடிக்கொண்டு போனவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் என்ன பயன்?

சட்டத்துக்கும் வாசலுக்கும் உள்ள தூரத்தை அளக்க, உல்வர்ஹாம்ப்டன் நகரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1967இல் தர்சேம் சிங் சந்து என்ற பேருந்து ஓட்டுநர் தாடியும் தலைப்பாகையுமாக வேலைக்கு வந்தபோது, அதற்கு அனுமதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய நகரம் அது. சீக்கியர்கள் இரண்டு ஆண்டு போராடி 1969இல் வென்றார்கள். குடியேறிகளால் நாட்டில் ரத்தம் ஓடும் என்ற பொருளில் 1968 ஏப்ரலில் பேசி நாட்டையே பற்றவைத்த ஈனாக் பவல் அந்த நகரின் நாடாளுமன்ற உறுப்பினர். அதே 1968இல் பாலெட் வில்சன் என்ற சிறுமி ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தாள். வளர்ந்து, சமையல்காரராக வேலை பார்த்து, நாடாளுமன்ற உணவகத்திலும் சில காலம் சமைத்து, பிள்ளை பெற்று, பாட்டியும் ஆனார். வந்த நாளிலிருந்து நாட்டை விட்டு வெளியே போனதில்லை. அதனால் பாஸ்போர்ட் எடுக்கவும் தோன்றவில்லை.

2015இல் உள்துறை அமைச்சகத்திலிருந்து கடிதம் வந்தது: நீங்கள் சட்டவிரோதக் குடியேறி. உதவித்தொகை நின்றது. இருந்த வீடு போனது. மாதாமாதம் அலுவலகத்துக்குப் போய் ஆஜராக வேண்டும். 2017 அக்டோபரில் அப்படிப் போனவரைப் பிடித்து யார்ல்ஸ் உட் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். ஐம்பது ஆண்டாகக் கண்ணால் காணாத ஜமைக்காவுக்கு விமானம் ஏற்ற, ஹீத்ரோவுக்கு அருகிலுள்ள முகாமுக்கு மாற்றினார்கள். 34 ஆண்டு தேசியக் காப்பீட்டுத் தொகை கட்டியதற்கான பதிவு அரசிடமே இருந்தது. அதைக் கணக்கில் எடுக்க வைத்தது யார்? உல்வர்ஹாம்ப்டனில் இயங்கும் அகதிகள், குடியேறிகள் மையம் என்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனமும் தொகுதி எம்.பி.யும். கடைசி நேரத்தில் அவர்கள் தலையிட்டதால் விமானப் பயணம் நின்றது. மையம் மூலம் அந்தச் செய்தி 'கார்டியன்' நாளிதழுக்குப் போய், அவரைப் போலவே ஆயிரக்கணக்கானோர் சிக்கியிருப்பது வெளிப்பட்டு, கரீபியரை ஏற்றிவந்த பழைய கப்பல் ஒன்றின் பெயரால் 2018இல் 'விண்ட்ரஷ்' ஊழலாக வெடித்தது. உள்துறை அமைச்சர் பதவி விலகினார்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சமத்துவச் சட்டம், மனித உரிமைச் சட்டம், ஆணையம், நாடாளுமன்றக் குழு எல்லாம் அந்த இரண்டு ஆண்டும் இருந்தன. எதுவும் அந்தப் பெண்மணி வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

இந்த மையங்களுக்கு எதிரான வாதம் இரண்டு திசையிலிருந்து வருகிறது. ஒன்று, ஓர் இனத்துக்கென்று தனிச் சேவை வைத்தால் மக்கள் ஒருவரோடொருவர் கலக்க மாட்டார்கள் என்பது. 2007இல் அரசு அமைத்த ஒருங்கிணைப்பு ஆணையமே இந்தப் போக்கில் பேசியது. லண்டனின் ஈலிங் நகராட்சி அதைப் பிடித்துக்கொண்டது. வன்முறைக்கு ஆளான ஆசிய, கறுப்பினப் பெண்களுக்காக 1979 முதல் இயங்கிவரும் 'சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்' அமைப்புக்கான நிதியை நிறுத்தி, எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக ஒரே சேவை என்றது. அந்த அமைப்பால் பலன் பெற்ற பெண்களே வழக்குத் தொடுத்தார்கள். 2008 ஜூலையில் விசாரணை நடுவிலேயே நகராட்சி பின்வாங்கியது. தனிச் சேவை சமத்துவத்துக்கு எதிரானதல்ல என்று நீதிபதி மோசஸ் தீர்ப்பில் எழுதியும் வைத்தார். கணவனின் அடிக்குப் பயந்து வெளியேறும் பஞ்சாபிப் பெண்ணுக்கு, கூடவே விசா பறிபோகும் பயமும், ஊர் மானம் பேசும் உறவினர் பயமும் உண்டு. அவளுக்கு அவள் மொழியில் பேசத் தெரிந்த ஆள் தேவை. கலப்பதெல்லாம் அவள் உயிரோடு இருந்தால்தானே?

இரண்டாவது வாதம் எளிதில் தள்ளத்தக்கதல்ல. அதைச் சொன்னவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணக் குடும்பத்தைச் சேர்ந்த அம்பலவாணர் சிவானந்தன், 1958இல் கொழும்புக் கலவரத்திலிருந்து தப்பி லண்டன் வந்து, அங்கே நாட்டிங் ஹில் இனக் கலவரத்தைக் கண்டவர். இன உறவு ஆய்வு நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்து, 1972இல் அதன் நிர்வாகத்துக்கு எதிரான ஊழியர் கிளர்ச்சியை முன்னின்று நடத்தி, பின் அதன் இயக்குநரும் ஆனார். 2018இல் மறையும்வரை அவர் அடித்துச் சொன்னது: அரசுப் பணம் போராட்டத்தின் பல்லைப் பிடுங்கிவிடும், கறுப்பர், ஆசியர் என்று ஒன்றாக நின்றவர்களை இனவாரியாகப் பிரித்து, ஆளுக்கொரு மானியம் கேட்டு வரிசையில் நிற்க வைத்துவிடும்.

பாதி உண்மை. மானிய விண்ணப்பம் எழுதுவதிலேயே காலம் கழித்த மன்றங்களும், சமூகத் தலைவர் என்ற பட்டத்துக்காக நாற்காலியைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனாலும், நகராட்சியின் பணத்தை வாங்கிக்கொண்டே நகராட்சிக்கு எதிரான வழக்குக்கும் துணை நின்ற சவுத்தால் பெண்களை என்ன சொல்வது? பல் இருப்பதும் இல்லாததும் அமைப்பை நடத்துகிறவரைப் பொறுத்தது. பணம் நின்றால் நல்ல அமைப்பும் சாகும், மோசமான அமைப்பும் சாகும். ஈஸ்ட் ஹாமில் அக்தர் அலி பெய்க் என்ற இளைஞர் 1980இல் இனவெறியர்களால் கொல்லப்பட்டபோது பிறந்தது 'நியூஹாம் மானிட்டரிங் புராஜெக்ட்'. இரவும் பகலும் தொலைபேசியை எடுத்து, தாக்கப்பட்டவரோடு காவல் நிலையத்துக்குப் போய் நின்ற அமைப்பு. அதுவும் நிதியின்றி 2010களின் நடுவில் மூடப்பட்டது.

இன்று ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் நடந்தால் காதில் விழுவது பாதி தமிழ். அந்தத் தமிழர்களின் கதையும் ஒரு வாசலைத் தேடிய கதைதான். 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் இறங்கிய ஈழத்தமிழர் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை உடனே திருப்பி அனுப்ப முயன்றார்கள். சிலர் விமானத்தளத்திலேயே உள்ளாடையோடு நின்று மறுத்தார்கள். வெளியே இருந்த அகதி அமைப்புகளும் வழக்கறிஞர்களும் நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கினார்கள். அரசு அதே ஆண்டு, சரியான ஆவணமில்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய கப்பலில் தமிழர் உள்ளிட்ட அகதிகளை அடைத்தும் வைத்தது. அக்டோபர் 16 அன்று வீசிய பெரும்புயலில் கப்பல் கட்டறுத்துக்கொண்டு ஓடிய பிறகே அந்தக் கூத்து முடிந்தது.

நியூஹாம் தமிழர் நலன்புரிச் சங்கம் 1986இலேயே தொடங்கிவிட்டது. அகதி விண்ணப்பம், மேல்முறையீடு, வீட்டு வசதி, மொழிபெயர்ப்பு என்று இப்படிப்பட்ட சங்கங்கள் செய்வதை எந்த அமைச்சகமும் செய்யாது. தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, சித்திரவதைப்பட்டதை நாள் தேதி தப்பாமல் எழுதி வாங்கினால் ஒரு வழக்கு நிற்கும். தேதி ஒன்று மாறிப் பதிவானாலும் 'நம்பகமற்றவர்' என்று நிராகரிக்கப்படும்.

விண்ட்ரஷ் ஊழலுக்குப் பிறகு 2019இல் அரசு இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. நீண்ட படிவம், ஆண்டுக்கணக்கான ஆதாரம். ஆனால் அதை நிரப்ப சட்ட உதவி கிடையாது. இதற்காகவும் மக்கள் போனது உள்ளூர்ச் சட்ட மையங்களுக்குத்தான். பாலெட் வில்சன் 2020 ஜூன் மாதம், 1,30,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவைப் பிரதமர் வீட்டு வாசலில் கொடுத்தார். அடுத்த மாதம் இறந்துபோனார். விண்ணப்பதாரருக்கு உதவும் சமூக அமைப்புகளுக்கென்று 15 லட்சம் பவுண்டு தருவதாக அரசு அறிவிக்க 2024 ஆயிற்று. இப்படி ஊழல் வெடித்த பிறகு கிள்ளித் தருவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு நகராட்சிக்கும் நிலையான ஆலோசனை நிதியைச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். ஆண்டுதோறும் கையேந்தும் மையத்தில் அனுபவமுள்ள ஊழியர் தங்க மாட்டார்.

அங்கே செவிலியராக, முதியோர் இல்லப் பணியாளராக, மாணவராகப் போயிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது இது: வேலையிடத்தில் நிறத்தின் பெயரால் அநீதி நடந்தால் தேதியோடு எழுதிவையுங்கள், கடிதங்களையும் செய்திகளையும் அழிக்காதீர்கள், ஊரில் உள்ள சட்ட மையத்துக்கோ தொழிற்சங்கத்துக்கோ உடனே போங்கள். தீர்ப்பாயத்தை நாட பல்லாண்டாக இருந்துவரும் கெடு மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. அதை ஆறு மாதமாக்கும் மாற்றம் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை பழைய கணக்கையே நம்புங்கள். நிறுவனத்தின் உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால், அந்தக் கெடு அதற்காக நிற்காது.